மாதாமாதம் பிடித்த இன்சூரன்ஸ் பார்சலுக்காம், ஆளுக்கு இல்லையாம்

கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் பக்கமிருந்து மலையேறி கேரளாவில் இருக்கிற குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு, ஏலப்பாறை என்று கொரியர், பார்சல் டெலிவரி வேலைக்குப் போகிறவர்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். கம்பெனி பெயரைப் போடவில்லை, கேஸ் நடக்கிறது. பெயர் தெரிந்தும் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை, இதே பேப்பரை இதே மாதிரி நீட்டுகிற கான்ட்ராக்டர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் குமுளியில் ஒரு ஹப்பில், அதாவது பார்சலைப் பிரித்து அனுப்புகிற கிடங்கில், வேலை பார்த்தேன். ஏடிஎம் கார்டு, வக்கீல் நோட்டீஸ், ஆன்லைனில் வாங்கிய சேலை, மிக்ஸி ஜார் எல்லாம் ஒரே பையில்தான் போகும். சொந்த வண்டி, சொந்த பெட்ரோல், பார்சலுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. சேரும்போது ஆங்கிலத்தில் ஒரு கத்தைப் பேப்பரைக் கொடுத்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். அதன்படி நாம் தொழிலாளி இல்லை, 'டெலிவரி பார்ட்னர்', ரோட்டில் எது நடந்தாலும் நம் பொறுப்பு. பார்ட்னர் என்றால் லாபத்தில் பங்கு உண்டா என்று ஒருத்தன் கேட்டு எல்லோரும் சிரித்தோம். ஆனால் காலையில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், எந்த ரூட், லீவு உண்டா இல்லையா எல்லாம் அவர்கள் சொல்வதுதான். மாதாமாதம் 'இன்சூரன்ஸ்' என்று 150 ரூபாய் பிடித்தமும் உண்டு.

2024 ஜூலையில் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வண்டிப்பெரியாறு தாண்டி ஒரு தேயிலை எஸ்டேட்டில் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) இறங்குகிற வளைவு, தார் பெயர்ந்து வெறும் சரளை. எதிரே ஜீப் வர, பிரேக் பிடித்தேன், வண்டி வழுக்கியது, முதுகில் இருந்த பை ஒரு பக்கமாக இழுத்துத் தள்ளியதில் வலது கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போச்சு. ஜீப் இடிக்கவில்லை, இருந்தும் அந்த டிரைவர்தான் என்னைத் தூக்கி ஏற்றி வண்டிப்பெரியாறு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கே கட்டுப் போட்டுத் தேனிக்கு அனுப்பினார்கள்.

இங்கேதான் முதல் வேலையைக் காட்டினார்கள். க.விலக்கு பெரியாஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் நான் வலியில் கிடக்கும்போது, ஹப் சூப்பர்வைசர் கூடவே நின்று, எப்படி அடிபட்டது என்று கேட்டவரிடம், "சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது சறுக்கி விழுந்துட்டாரு" என்று சொல்லிவிட்டான். விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறியது. என் மனைவி, "ஏண்ணே அப்படிச் சொல்றீங்க, டெலிவரிக்குத்தானே போனாரு" என்று கேட்டதற்கு, "வேலைன்னு சொன்னா போலீஸ், கேஸுன்னு இழுத்தடிப்பாங்கம்மா, இன்சூரன்ஸ் வர லேட்டாகும்" என்று பதில். அவள் சண்டை போட்டு, டூட்டி டாக்டரிடம் பையையும் அன்றைய டெலிவரி ஷீட்டையும் காட்டி, 'வேலையின்போது' என்று இன்னொரு வரி எழுத வைத்தாள். இன்று கேஸ் உயிரோடு இருப்பது அந்த ஒரு வரியால்தான்.

இதை வைத்து மலையாளி, தமிழன் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். ஜீப்பில் ஏற்றிக் காப்பாற்றியவர் மலையாளி, பக்கத்தில் நின்று பொய் சொன்னவன் நம்ம கம்பத்துக்காரன்.

அடுத்தது இதைவிட மோசம். கான்ட்ராக்டர் போனில், "பிரைவேட்டில் சேர்த்துடுங்க தம்பி, இன்சூரன்ஸ் இருக்கு, பில்லை மட்டும் என்கிட்ட கொடுங்க" என்றார். அதை நம்பி தேனியில் தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றி, உள்ளே ராடு வைத்து ஆபரேஷன். நகை அடகுக்குப் போனது. இன்சூரன்ஸ் எப்போது வரும் என்று கேட்டால் இன்று, நாளை, மேலிடத்துக்குப் போயிருக்கிறது, ஓணம் கழியட்டும். கடைசியில் பாலிசி நகலையாவது கொடுங்கள் என்று அழுத்திக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. எங்களிடம் பிடித்த 150 ரூபாய், தொலைந்து போகிற, நனைந்து போகிற சரக்குக்கு. தூக்கிக்கொண்டு போகிற ஆளுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. அந்தக் கடைசி மாதச் சம்பளத்தில், நான் விழுந்தபோது சேற்றில் கிடந்து நனைந்த பார்சல்களுக்கு 'டேமேஜ்' என்று பிடித்தம் வேறு. அப்படியென்றால் அந்தச் சரக்கு இன்சூரன்ஸும் எங்கே போனது என்று கேட்டேன், பதில் இல்லை.

அந்த வாரமே ஆப்பில் என் லாகின் வேலை செய்யவில்லை. வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். நான் அங்கே வேலை பார்த்ததற்கான தடயம் எல்லாம் அந்த ஆப்பில்தான் இருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். அப்புறம் 15,000 ரூபாயும் ஒரு முத்திரைத்தாளும் வந்தன, இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று எழுதி. நான் கையெழுத்துப் போடவில்லை. உடனே பேச்சு மாறியது. "ஆக்சிடென்ட் கேரளாவில், ஆபீஸ் எறணாகுளத்தில், நீ தமிழ்நாட்டுக்காரன், அங்கே போய் வழக்குப் போட்டு மலையாளத்தில் வாதாடு பார்க்கலாம்" என்றார்கள். இந்த பார்டர் சாக்கைச் சொல்லித்தான் நம்ம ஆட்கள் பலரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

அது சுத்தப் பொய். என் விபத்துக்குப் பொருந்துவது அப்போது நடைமுறையில் இருந்த 1923-ம் வருடத்து ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். அதன் 21-வது பிரிவுப்படி விபத்து நடந்த இடத்தில் மட்டுமில்லை, நாம் வழக்கமாகக் குடியிருக்கிற பகுதிக்கான ஆணையரிடமும் மனு கொடுக்கலாம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதிகாரிதான் அந்த ஆணையர். விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் கேட்க வேண்டும். நம் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய ஒப்பந்தம் 17-வது பிரிவில் செல்லாது. கான்ட்ராக்டர் கைவிரித்தால், தன் வேலையை அவரிடம் கொடுத்த கம்பெனியிடமே 12-வது பிரிவில் கேட்கலாம், அது பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

தொகைக் கணக்கையும் சொல்கிறேன், 15,000-க்கு மயங்காமல் இருக்க. மாதச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 2020 ஜனவரியிலிருந்து அதிகபட்சம் 15,000 என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நிரந்தர முழு ஊனம் என்றால் அதில் 60 சதவீதம், அதாவது 9,000. அதை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும், 35 வயதுக்கு அது 197.06. வருவது 17,73,540 ரூபாய். சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போனது என்று டாக்டர் சான்று கொடுத்து ஆணையர் ஏற்றுக்கொண்டால் 3,54,708. வைத்தியச் செலவு தனி, அதற்கு பில் வேண்டும். படுத்துக் கிடந்த காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை சம்பளத்தில் 25 சதவீதம். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தார்கள் என்று தெரிந்தால் 50 சதவீதம் வரை அபராதமும் போட முடியும். இதெல்லாம் தெரிந்துதான் அவர்கள் முத்திரைத்தாளோடு ஓடி வந்தார்கள்.

என் வண்டி இன்சூரன்ஸும் உதவவில்லை. கட்டாயமாக எடுக்கிற 15 லட்ச ரூபாய் தனிநபர் காப்பீடு சாவுக்கும், கை கால் கண் போவது மாதிரியான பெரிய ஊனத்துக்கும்தான், எலும்பு முறிவுக்கு இல்லை. தமிழ்நாடு அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம் என்பதும் தமிழ்நாட்டு எல்லைக்குள் விழுந்தால்தான், எந்த ஊர்க்காரராக இருந்தாலும். நான் விழுந்தது அந்தப் பக்கம். வேறு வண்டி இடித்து விழுந்திருந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகிற வழியும் உண்டு, ஆனால் ஆணையர், தீர்ப்பாயம் இரண்டில் ஒன்றுதான், அங்கே 2022 ஏப்ரலிலிருந்து 6 மாதக் கெடுவும் சட்டத்தில் இருக்கிறது. ஹப்பில் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வர வேண்டும், அப்போது நம் பெயரில் ஒரு இன்சூரன்ஸ் நம்பர் இருக்கும். நம்பர் சொல்லாமல் 'இஎஸ்ஐ பிடிக்கிறோம்' என்று சொன்னால் நம்பாதீர்கள். 2025 நவம்பர் 21-லிருந்து அந்த 1923 சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, அதில் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியில், திரும்புகிற வழியில் நடக்கும் விபத்தையும் சேர்த்திருக்கிறார்கள். குமுளி மலை ரோட்டில் தினமும் ஏறி இறங்குகிறவர்களுக்கு இது முக்கியம்.

கேஸ் இப்போது இந்தப் பக்கமே நடக்கிறது. கம்பெனி வக்கீல் வந்து 'இவர் பார்ட்னர்' என்கிறார், எங்கள் பக்கம் டெலிவரி ஷீட்டின் போட்டோ, பேங்கில் ஒவ்வொரு மாதமும் பணம் ஏறிய கணக்கு, கான்ட்ராக்டரின் வாய்ஸ் மெசேஜ், லயத்தில் பார்சல் வாங்கிய ஒரு அக்காவின் சாட்சி, வண்டிப்பெரியாறு ஸ்டேஷனில் வாங்கிய ஜிடி என்ட்ரி (போலீஸ் பொது டைரியில் விபத்தைப் பதிந்த நகல்) எல்லாம் இருக்கின்றன. ஜிடி என்ட்ரியைக் கேரளாவில் கேட்டால் கொடுக்கிறார்கள், அதைத் தமிழில் மொழிபெயர்த்துத் தாக்கல் செய்யச் செலவு கொஞ்சம் ஆனது, அவ்வளவுதான்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். ஆப்பில் உங்கள் பெயர், ஐடி, ரூட், மாதக் கணக்கு தெரிகிற பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் வேறு ஒருவர் போனுக்கும் அனுப்பி வைத்துவிடுங்கள். 'இன்சூரன்ஸ்' பிடித்தம் இருந்தால் பாலிசி நகலை எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்டாலும் போதும். ஒரிஜினல் பில்லை 'கிளெய்முக்கு அனுப்பணும்' என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் கொடுங்கள். என் ஆபரேஷன் பில்லின் ஒரிஜினலை அப்படித்தான் வாங்கிப் போனார்கள், ஆஸ்பத்திரியில் நகல் கேட்டு மனு எழுதி வாங்குவதற்குள் எனக்கு அடுத்த வாய்தாவே வந்துவிட்டது.