திரிபோசா மா: கிளினிக்கிலை தாற அந்தப் பக்கெற்றுக்கு என்ரை ரிவியூ

கடையிலை வாங்கிற ஷாம்புக்கும் போனுக்கும் எல்லாரும் ரிவியூ எழுதுகினம், கிளினிக்கிலை தாய்மாருக்கும் சின்னப் பிள்ளையளுக்கும் காசில்லாமல் தாற திரிபோசா எண்ட சத்துமாவுக்கு ஒருத்தரும் எழுதினதை நான் காணேல்லை. எங்கடை யாழ்ப்பாணத்திலை எத்தினை பிள்ளையள் இதைத் திண்டு வளந்ததுகள், அதாலை நான் எழுதுறன்.

பக்கெற் 750 கிராம், நாளைக்கு 50 கிராம் எண்டு கணக்குப் பாத்தா ஒரு ஆளுக்கு 15 நாள் வரும், கர்ப்பிணித் தாய்மாருக்கு மாசம் ரெண்டு பக்கெற். உள்ளுக்கை சோளம், சோயா, பால்மா, அதோடை விற்றமினும் கனியுப்பும். அவிஞ்ச மா எண்டபடியா அடுப்பே மூட்டத் தேவையில்லை, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு கொஞ்சம் சுடுதண்ணி தெளிச்சு உருட்டினாச் சரி. என்ரை மச்சாளுக்கு வயித்திலை பிள்ளை இருக்கேக்கை சோத்து மணத்துக்கே சத்தி வரும், ஆனா இந்த உருண்டை மட்டும் வயித்திலை நிண்டது. சீனிக்குப் பதிலா பனங்கட்டியைச் சீவிப் போட்டுப் பாருங்கோ, இன்னும் நல்லா இருக்கும். வாயிலை கொஞ்சம் ஒட்டும், அதாலை ருசிக்கு 5க்கு 4.

1973இலை இருந்து இலங்கையிலை குடுக்கினம். அரைநூற்றாண்டா ஒரு நாடு தன்ரை தாய்மாருக்கு இலவசமா ஒரு சாப்பாட்டுச் சாமான் குடுக்கிறது சின்ன விசயமே? அதுக்கு முழுப் புள்ளியும் குடுப்பன்.

ஆனா பக்கெற் வீட்டுக்குப் போனாப் பிறகு என்ன நடக்குது எண்டதையும் எழுதத்தான் வேணும். தோட்ட வேலைக்கும் கடல் தொழிலுக்கும் போற கன வீடுகளிலை அண்டைக்கு உழைப்பு இல்லையெண்டா இரவுச் சாப்பாடே இந்த மாதான், அம்மாவுக்கெண்டு தந்தது அஞ்சு பேருக்குப் பிரிஞ்சு 15 நாள் மா மூண்டு நாளிலை முடிஞ்சிடும். அந்த அம்மாவைப் பிழை சொல்ல எனக்கு மனம் வராது, பிள்ளை பசியோடை பாத்துக்கொண்டு நிக்கேக்கை எந்தத் தாய் தனியச் சாப்பிடுவா சொல்லுங்கோ. பிறகு கிளினிக்கிலை நிறை கூடேல்லை எண்டு அவவுக்குத்தான் பேச்சு விழும், அதைக் கேக்க எனக்குக் கோவம் வரும். வீட்டிலை எத்தினை பேர், என்ன உழைப்பு எண்டு ஒருக்கால் கேட்டிட்டுப் பேசினால் என்ன?

வயித்திலை உண்டான நாளிலை இருந்து பிள்ளைக்கு ரெண்டு வயசு மட்டும் இருக்கிற அந்த 1000 நாள்தான் முக்கியம். அதுக்குள்ளை தாய்க்குச் சாப்பாடு காணாட்டி ரத்தம் குறையும், பிள்ளை இரண்டரைக் கிலோவுக்குக் கீழை பிறக்கலாம், உயரம் குன்றிப் போகும், அடிக்கடி வருத்தம் வரும், பள்ளிக்கூடத்திலை படிப்பு ஏறாது, வளந்தாப் பிறகு எவ்வளவு சாப்பாடு குடுத்தாலும் போனதை முழுசா எடுக்கேலாது. உலகத்திலை அஞ்சு வயசுக்குள்ளை சாகிற பிள்ளையளிலை கிட்டத்தட்டப் பாதிப் பேற்றை சாவுக்குப் பின்னாலை ஊட்டச்சத்துக் குறைவு இருக்கெண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

சாப்பாடு இல்லாமலோ இந்தப் பசி வருது? 2024இலை உலகத்திலை 67 கோடிக்கு மேலை சனம் பசியோடை இருந்ததெண்டு ஐ.நா. கணக்குச் சொல்லுது, அதே உலகத்திலை எல்லாருக்கும் காணுமான தானியம் விளையுது. காசில்லை, இல்லாட்டிப் பாதையில்லை. 2006 ஆகஸ்ட்டிலை சண்டையாலை யாழ்ப்பாணத்தைத் தெற்கோடை இணைக்கிற ஏ9 பாதையை மூடினாப் பிறகு கூட்டுறவுச் சங்கக்கடை வாசல்லை விடியவெள்ளணை வரிசை நிண்ட எங்களுக்கு இதை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சூடானிலை இடம்பெயர்ந்த சனம் இருந்த சம்சம் முகாமிலை 2024இலை பஞ்சம் எண்டு அறிவிச்சதும் சண்டையும் முற்றுகையும் சேந்து செய்த வேலைதான்.

2022இலை எங்களுக்குப் பசி காசில்லாததாலை வந்தது. அதுக்கு முதல் வருசம் ரசாயன உரத்தைத் திடீரெண்டு நிப்பாட்டினதாலை நெல்லும் சோளமும் விளைச்சல் விழுந்தது, பிறகு டொலர் இல்லை, எண்ணெய் இல்லை, மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையிலை கிடந்தது, தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கேலாமல் போச்சு. 400 கிராம் பால்மா மார்ச்சிலை 790 ரூபா. செப்டம்பரிலை கொழும்பு விலைச்சுட்டியிலை சாப்பாட்டுச் சாமான் ஒரு வருசத்துக்குள்ளை 94.9 வீதம் ஏறியிருந்தது, 63 லட்சம் பேருக்கு ஒழுங்கான சாப்பாடு இல்லையெண்டு ஐ.நா. அமைப்புகள் சொல்லிச்சினம். கொடுமை என்னெண்டா, சனத்துக்குத் திரிபோசா கூடத் தேவைப்பட்ட அந்த நேரம் பாத்து, சோளத் தட்டுப்பாட்டாலை திரிபோசாவே ஒழுங்கா வரேல்லை. கிடைக்கிற ஒழுங்குக்கு நான் 5க்கு 2தான் குடுப்பன், அதுவும் மனமில்லாமல்.

ஆபிரிக்காவிலை நல்லா மெலிஞ்ச பிள்ளையளுக்குக் குடுக்கிற பிளம்பிநட் எண்ட கச்சான் பசையோடை இதை ஒப்பிடாதேங்கோ, அது 92 கிராமிலை 500 கலோரி இருக்கிற மருந்துச் சாப்பாடு. திரிபோசா வீட்டுச் சாப்பாட்டுக்கு மேலை குடுக்கிறது. வீட்டிலை சாப்பாடே இல்லையெண்டா இது தனிய நிண்டு தாங்காது, அந்த வீட்டுக்கு உலர் உணவோ ஒரு வேலையோ சேந்து போகோணும்.

கிடைச்சா உடைச்ச உடனை காத்துப் போகாத பேணியிலை போட்டு வையுங்கோ. ஈரம் பட்டாச் சோளமாவிலை பூஞ்சணம் பிடிக்கும், கசந்தாலோ புழுங்கல் மணம் வந்தாலோ பிள்ளைக்குக் குடுக்காமல் பக்கெற்றோடை கொண்டுபோய் மிட்வைவ் அக்காட்டைக் காட்டுங்கோ. வாங்க வெக்கப்பட்டு நிக்கிற பிள்ளைத்தாச்சி ஆரும் உங்கடை ஒழுங்கையிலை இருந்தா நீங்களே கூட்டிக்கொண்டு போங்கோ.