ராயக்கோட்டைப் பக்கம் வெண்பன்றிக் குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் வழியில் ஒரு பண்ணையில் மச்சானும் நானும் சேர்ந்து குட்டிகள் வாங்கினோம். குட்டிகளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பண்ணைக்காரர் பேச்சைத்தான் அப்படியே நம்பிவிட முடியாது.

எல்லாம் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் என்ற வெண்பன்றி இனம். தாயைக் காட்டித்தான் விற்கிறார்கள், குட்டி போட வளர்ப்பதற்கு எடுத்தால் பால்காம்பு பன்னிரண்டுக்குக் குறையாமல் எண்ணிப் பார்க்க விடுகிறார்கள். பால் மறந்து தீவனம் தின்னத் தொடங்கிய குட்டியைத்தான் தருகிறார்கள், இரும்புச்சத்து ஊசியும் போட்டிருந்தார்கள். விலை மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதல், பரவாயில்லை.

வேலைவாய்ப்பு என்றாலே நம் ஊரில் சிப்காட் வாசலைத்தான் பார்க்கிறோம். இங்கே ஓசூர் ஓட்டல்களில் மிச்சச் சோறு எடுத்துவர ஒரு வண்டிக்காரர், அதைப் பெரிய அண்டாவில் கொதிக்க வைக்க ஒருவர், கொட்டகை கழுவப் பக்கத்து ஊர்ப் பெண்கள், ஞாயிற்றுக்கிழமை கறி போட ஒருவர், எரு வாங்கிப்போக ரோஜாத் தோட்டக்காரர்கள் என்று ஒரு சின்ன ஊரே இதில் ஓடுகிறது. சினை 114 நாள்தான், வருஷத்துக்கு இரண்டு ஈத்து எடுக்கலாம் என்பதால் வேலை நிற்பதே இல்லை.

பிடிக்காதது, யார் வந்தாலும் செருப்போடு கொட்டகைக்குள் விடுவது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்கு வராது, ஆனால் பன்றிக்கு வந்தால் மருந்தே கிடையாது, செருப்பு மண்ணிலும் வண்டிச் சக்கரத்திலும்கூட வந்து சேரும். சோற்றைக் கொதிக்க வைக்கத் தெரிந்தவர்களுக்கு வாசலில் ஒரு கிருமிநாசினித் தொட்டி வைக்கத் தெரியாதா?

அப்புறம் அந்த மானியக் கதை. “குட்டி எடுங்க அண்ணா, 50 சதவீத மானியம் நாங்களே வாங்கித் தர்றோம்” என்கிறார்கள். மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத்தில் அப்படி மானியம் இருப்பது உண்மைதான், ஆனால் அதில் சின்ன அளவே 50 தாய்ப்பன்றி, 5 ஆண்பன்றி. பத்து குட்டி வாங்குகிறவனிடம் இதைச் சொல்லி ஆசை காட்டுவது என்ன நியாயம்? வளர்ந்த பன்றியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்பதும் வாய்ப்பேச்சுதான். எங்களுடையவை எடைக்கு வந்தபோது “இப்ப பெங்களூர்ல விலை இறங்கிடுச்சு” என்று கைவிரித்துவிட்டார்கள், கடைசியில் வேறு வியாபாரிக்குத்தான் கொடுத்தோம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அடுத்த முறையும் குட்டி இங்கேதான் எடுப்போம், ஆனால் கிலோ விலையைக் கையெழுத்துப் போட்ட தாளில் வாங்கிக்கொண்டுதான் முன்பணம்.