ஜி.729 இனித் தேவையா? கொழும்பு அலுவலகத் தொலைபேசிகளுக்கு நான்கு கோடெக்குகள்

புறக்கோட்டையில் மொத்தக் கடை, யாழ்ப்பாணத்தில் ஒரு கிளை, வெள்ளவத்தை வீட்டிலிருந்து கணக்குப் பார்க்கும் ஒருவர், 4ஜி போனோடு ஊர் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிகள். இப்படியான இடத்துக்கு ஐபி பிபிஎக்ஸ் (இணைய வழி அலுவலகத் தொலைபேசி மாற்றகம்) பூட்டும்போது கோடெக் (குரலைப் பிட்டுகளாகச் சுருக்கி மறுமுனையில் விரிக்கும் முறை) வரிசையில் ஜி.729-ஐ முதலில் போடுவது இன்னமும் பலருக்குப் பழக்கம். மேலேற்ற வேகம் சில நூறு கிலோபிட் மட்டுமே இருந்த ஏடிஎஸ்எல் நாட்களில் அது சரியான முடிவு. ஃபைபரும் 4ஜியும் வந்த பிறகு அந்த முடிவு நன்மையை விடத் தீமையையே அதிகம் செய்கிறது.

முதலில் கணக்கு. 1972-இல் வந்த ஜி.711 செக்கனுக்கு 64 கிலோபிட், 1996-இல் வந்த ஜி.729 வெறும் 8 கிலோபிட். எட்டு மடங்கு மிச்சம் என்று தோன்றும். ஆனால் பேச்சு 20 மில்லிசெக்கன் துண்டுகளாக, செக்கனுக்கு 50 பொதிகளாகப் போகிறது. ஒவ்வொரு பொதிக்கும், அதைக் கொண்டுபோகும் மூன்று நெறிமுறைகளுக்காக, ஐபி 20, யுடிபி 8, ஆர்டிபி 12 என்று 40 பைட் தலைப்பு. ஜி.711-இன் பொதியில் 160 பைட் பேச்சு, ஜி.729-இல் 20 பைட் பேச்சைச் சுமக்க 40 பைட் தலைப்பு. கடிதத்தை எவ்வளவு சுருக்கினாலும் உறையின் எடை குறையாது. கிளையோடு வயர்காட் விபிஎன் (இணையத்துக்குள் மறையாக்கிய தனிச் சுரங்கம்) போட்டிருந்தால் உள்ளே போகும் பொதி 16-இன் மடங்குக்கு நிரப்பப்பட்டு, ஐபிவி4-இல் மேலும் 60 பைட் ஏறும். (அட்டவணையில் உள்ள ஜி.722, ஓபஸ் இரண்டும் பின்னால் வருகின்றன.)

| கோடெக் | பேச்சு மட்டும் (கிலோபிட்) | தலைப்புடன் | விபிஎன் உள்ளே | இரு திசையும் சேர்த்து மணிக்கு, விபிஎன் இல்லாமல் |
|---|---|---|---|---|
| ஜி.711 | 64 | 80 | 107.2 | 72 மெகாபைட் |
| ஜி.722 | 64 | 80 | 107.2 | 72 மெகாபைட் |
| ஓபஸ் (24-இல் வைத்தால்) | 24 | 40 | 68.8 | 36 மெகாபைட் |
| ஜி.729 | 8 | 24 | 49.6 | 21.6 மெகாபைட் |

எட்டு மடங்கு, விபிஎன்னுக்குள் இரண்டு மடங்கு சொச்சமாகச் சுருங்கிவிட்டது. ஒரே நேரத்தில் பத்து கோல் போனாலும் ஜி.711-க்கு விபிஎன்னோடு ஒரு திசைக்கு 1.1 மெகாபிட் போதும். இதைத் தாங்காத ஃபைபர் இணைப்பு கொழும்பில் இல்லை.

இந்த மிச்சத்துக்காக ஜி.729 எதைக் கொடுக்கிறது என்று பாருங்கள். அது 10 மில்லிசெக்கன் பேச்சை 80 பிட்டுக்குள் அடைக்கிறது. மனிதக் குரல் எப்படி உருவாகிறது என்ற மாதிரியை வைத்துக்கொண்டு, அந்த மாதிரியின் அளவுருக்களை மட்டும் அனுப்புவதால்தான் இது முடிகிறது. ஒரு ஆள் அமைதியான அறையில் கதைத்தால் நன்றாகவே விளங்கும். பின்னால் முச்சக்கர வண்டிச் சத்தமோ இரண்டாவது குரலோ வந்தால் மாதிரி தடுமாறி, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். காத்திருப்பு இசை சிதையும். வங்கியின் தானியங்கிக் குரல் "1-ஐ அழுத்துங்கள்" என்று கேட்டு நாம் அழுத்தும் தொனியும் சிதையும், எண் பதிவாகாது. ஆகவே எண் அழுத்தல்களை ஒலியாக அல்லாமல் ஆர்எஃப்சி 4733 (ஆர்எஃப்சி என்பது இணையத் தர ஆவணம்) சொல்லும் நிகழ்வுகளாக அனுப்பும்படி கட்டாயம் அமைக்க வேண்டும். ஃபக்ஸ் இருந்தால் அந்த லைனுக்கு டி.38 (ஃபக்ஸை ஐபி வழி அனுப்பும் முறை) அல்லது ஜி.711 மட்டும்.

அமைதியைக் கண்டு அனுப்புவதை நிறுத்தும், ஜி.729-இன் பின்னிணைப்பான அனெக்ஸ்-பி இன்னொரு தொல்லை. செட்டியார் தெரு நகைக் கடையில் விலை சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். "அறுபதாயிரம்", "எழுபதாயிரம்" இரண்டுக்கும் வித்தியாசம் முதல் இரண்டு எழுத்தில்தான். பேச்சு தொடங்கியதைக் கண்டுபிடிப்பது சற்றுப் பிந்தினால் மறுமுனைக்குப் போவது "...பதாயிரம்" மட்டும். எஸ்டிபியில் (கோல் தொடங்கும்போது கோடெக் பற்றி இரு பக்கமும் பரிமாறும் விவரம்) அனெக்ஸ்-பி பற்றி ஒன்றும் எழுதாவிட்டால் அது 'ஆம்' என்றே கொள்ளப்படும். 'இல்லை' என்று வெளிப்படையாக எழுதி அனுப்புங்கள்.

உரிமக் கட்டணம் ஜி.729-க்கு எதிரான வாதமாக இருந்தது. 2017 தொடக்கத்திலிருந்து அது இல்லை. இலவசம் ஆகிவிட்டது என்பதற்காகப் போட வேண்டியதில்லை.

அலைவரிசை அகலம் தமிழுக்கு முக்கியம். ஜி.711, ஜி.729 இரண்டும் செக்கனுக்கு 8000 மாதிரிகள் எடுப்பவை. நடைமுறையில் 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரைதான் போகும். ஸகரத்தின் உரசல் ஒலி பெரும்பகுதி 4000 ஹேர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அது வெட்டுப்பட்டால் ஸகரமும் ஃபகரமும் ஒன்றாகிவிடும்: ஃபரீனாவா, ஸரீனாவா? மருந்தகத்திலோ பயண முகவர் அலுவலகத்திலோ பெயர் பதிபவர் எழுத்துக் கூட்டச் சொல்லிக் கேட்பது இதனால்தான். 1988-இல் வந்த ஜி.722, அதே 64 கிலோபிட்டில் 7000 ஹேர்ட்ஸ் வரை கொடுக்கிறது. மேசைத் தொலைபேசிகள் பெரும்பாலானவற்றில் அது ஏற்கெனவே இருக்கிறது. ஒரே கட்டடத்துக்குள் அதைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை. (எஸ்டிபியில் அதன் கடிகாரம், அதாவது செக்கனுக்கான மாதிரி எண்ணிக்கை, 8000 என்றே எழுதப்பட்டிருக்கும். உண்மையில் 16000, பழைய ஆர்எஃப்சியின் பிழை, பொருத்தம் கெடக்கூடாது என்று அப்படியே வைத்திருக்கிறார்கள். திருத்தப் போகாதீர்கள்.)

உண்மையான போட்டி 4ஜியிலும் வீட்டு வைஃபையிலும் இருப்பவர்களுக்குத்தான். அங்கே பிரச்சினை வேகம் அல்ல, தொலையும் பொதிகள். ஜி.711-இல் ஒரு பொதி தொலைந்தால் 20 மில்லிசெக்கன் போகும், அடுத்தது வந்ததும் குரல் சரியாகிவிடும். ஜி.729 முந்தைய துண்டை நம்பி அடுத்ததைக் கட்டுவதால், பொதி மறுபடி வந்த பிறகும் சில துண்டுகளுக்குக் குரல் கோணும். 2012-இல் ஆர்எஃப்சி 6716 ஆக வந்த ஓபஸ் இதற்கு நேரடி மருந்து வைத்திருக்கிறது: ஒவ்வொரு பொதியிலும் முந்தைய துண்டின் தரம் குறைந்த பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்ப முடியும். ஒன்று தொலைந்தால் அடுத்ததிலிருந்து மீட்டெடுக்கலாம்.

இந்த வசதியை "இயக்கியாயிற்று" என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். எஸ்டிபியில் அதைக் கேட்டால் மட்டும் போதாது; எதிர்பார்க்கும் இழப்பு சதவீதத்தை என்கோடருக்குச் சொல்ல வேண்டும். பூச்சியமாக இருந்தால் பிரதி போகாது. 5 முதல் 10 என்று வையுங்கள். பிரதி வேலை செய்வது ஓபஸின் பேச்சுப் பகுதியான சில்க்கில்தான். குறைந்த தாமதப் பயன்முறையையோ, இசைக்கான பிட்ரேட்டையோ தேர்ந்தால் ஓபஸின் மற்றப் பகுதியான கெல்ட்டுக்குப் போய்விடும், அங்கே பிரதி கிடையாது. பிரதிக்கான பிட்டுகள் மூலத்திலிருந்தே எடுக்கப்படுவதால் 12 கிலோபிட்டில் இதைப் போட்டால் குரல் மங்கும். 24 முதல் 32 வரை வையுங்கள். வாங்கும் பக்கத்தில் ஜிட்டர் பஃபர் (பொதிகள் வரும் நேரத்தின் ஏற்ற இறக்கமான ஜிட்டரைச் சமன் செய்யும் தேக்கம்) அடுத்த பொதி வரும் வரை பொறுக்க வேண்டும். 60 மில்லிசெக்கனில் தொடங்கலாம். ஓபஸின் சொந்தத் தாமதம் 26.5 மில்லிசெக்கன். ஒரு திசைக்கு மொத்தம் 150-ஐத் தாண்டாதிருப்பது நல்லது. கொழும்பு–யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றருக்கு ஃபைபரில் ஒளி எடுப்பது சுமார் 2 மில்லிசெக்கன்தான், தூரம் இங்கே காரணம் அல்ல. மூன்று நான்கு பொதிகள் தொடர்ந்து தொலைந்தால் இந்தப் பிரதியும் காப்பாற்றாது.

கடையின் கமராக்கள் காணொளியை மேலேற்றும்போது குரல் வெட்டினால் கோடெக்கைக் குறை சொல்லாதீர்கள். ரூட்டரின் வரிசை நிரம்பிவிட்டது. மேலேற்ற வேகத்தை அளந்து, அதில் 90 சதவீதத்துக்கு எல்லை வைத்து, நியாயமான வரிசை முறையை (ஒரு இணைப்பு மற்றவற்றை அடைக்காமல் எல்லாவற்றுக்கும் முறை தருவது) இயக்குங்கள்.

ஓபஸும் எல்லா இடத்துக்கும் அல்ல. வெளி லைன் வழியாக வரும் கோல் ஏ-லோ வடிவ ஜி.711-இலேயே வரும். வாடிக்கையாளரின் கைபேசி அதற்கு முன்பே ஒரு கோடெக்கில் சுருக்கியிருக்கும். அதன் மேல் பிபிஎக்ஸில் இன்னொரு கோடெக், கிளையில் மூன்றாவது என்று அடுக்கினால் ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு தேய்மானம், பிராசசருக்கும் சுமை. ஆகவே வெளி லைனுக்கு ஏ-லோ மட்டும். மேசைத் தொலைபேசிக்கு ஜி.722, அடுத்து ஏ-லோ. கைபேசிச் செயலிக்கு ஓபஸ், அடுத்து ஏ-லோ. ஜி.729-ஐ எடுத்துவிடுங்கள், உங்கள் லைன் வழங்குநர் அதைத் தவிர வேறெதையும் ஏற்காவிட்டால் மட்டும் அந்த ஒரு லைனில் வையுங்கள். கோல் பதிவுகளை ஜிஎஸ்எம் (பழைய கைபேசிச் சுருக்க முறை) வடிவத்தில் சேமிப்பதும் இன்னொரு தேய்மானம்தான். பின்னர் தமிழ்ப் பேச்சை எழுத்தாக மாற்ற அனுப்பும் எண்ணம் இருந்தால் சுருக்காத வடிவத்தில் வையுங்கள்.

ஓபஸ் போட்டதும் எண் அழுத்தல் வேலை செய்யாமல் போனால் கடிகாரத்தைப் பாருங்கள். ஓபஸ் எப்போதும் 48000. நிகழ்வுகளும் அதே 48000-இல் அறிவிக்கப்பட வேண்டும். ஒரு பக்கம் 8000 மட்டும் சொன்னால் நிகழ்வு புறக்கணிக்கப்படலாம்.

மாற்றிய பிறகு சோதிக்க, லினக்ஸ் இயந்திரம் ஒன்றை நடுவில் வைத்து நெட்எம் (பொதிகளை வேண்டுமென்றே தொலைக்கும் லினக்ஸ் கருவி) கொண்டு முதலில் 3, பிறகு 8 சதவீத இழப்பைச் செலுத்துங்கள். ஒருவர் பெயர்களும் தொகைகளும் கொண்ட பட்டியலை வாசிக்க, மறுமுனையில் பட்டியலைப் பார்க்காதவர் எழுத வேண்டும். பொதிகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கின் ஆர்டிபி அலசலில் இழப்பும் ஜிட்டரும் வரும். எழுதியதில் எத்தனை பிழை என்பதைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.