பிட்ச்சரின் பின்காலைப் பார்க்க வாங்கிய குட்டி ட்ரைபொட்

திருமலை வீதியில் கைபேசிச் சாமான் விற்கிற ஒரு கடையில் 2,400 ரூபா கொடுத்து இதை வாங்கி நாலு மாதம். செல்ஃபிக்கு இல்லை. எங்கட பிள்ளைகள் சொப்ட்போல் எறியும்போது பின்கால் என்ன செய்கிறது என்று பார்க்க.

மட்டக்களப்பில் சொப்ட்போல் என்றால் டெனிஸ் பந்துக் கிரிக்கெட்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். நான் சொல்வது பேஸ்போலின் தங்கச்சியை, கையைக் கீழாகச் சுழற்றி எறிகிற விளையாட்டை. கிரிக்கெட் நோ-போலுக்கு முன்காலையும் கோட்டையும் பார்ப்போம். இங்கே வழக்கு முழுக்கப் பின்காலில். பிட்ச்சர், அதாவது பந்தை எறிகிறவள், 24 அங்குல நீளம், 6 அங்குல அகலமான ரப்பர் பலகையில் கால் வைத்து, அதிலிருந்து ஒரே ஒரு தரம்தான் உந்தலாம். உந்திய கால் மண்ணைக் கீறிக்கொண்டு பின்னால் வரலாம். பலகைக்கு முன்னால் அதை மறுபடி ஊன்றி இன்னொரு தரம் உந்தினால் 'குரோ ஹொப்', காகத் தத்தல். எறி செல்லாது, அடிப்பவளுக்குச் சாதகமாக ஒரு 'போல்' எழுதுவார்கள். பலகையிலிருந்து அடிக்கிற இடத்துக்குப் பெண்களுக்குத் தூரமே 43 அடி. அதில் இரண்டடி களவு போனால் அடிப்பவள் பாவம். இரண்டு காலும் காற்றில் நிற்கிற 'லீப்' வேறு கதை: ஆண்களுக்கு நெடுங்காலமாக அனுமதி, பெண்களுக்கு எந்த விதிநூல், எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்த்துத்தான் வாய் திறக்க வேண்டும்.

கல்லடியில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் நான்தான் நடுவர். ஒரு பிள்ளைக்கு மூன்று தரம் செல்லாத எறி கொடுத்தேன். "டீச்சர், நான் தத்தல்ல, இழுத்துத்தான் வாறன்" என்றாள். எதிர்த்துப் பேசாதே என்று வாயை அடைத்துவிட்டேன்.

அடுத்த நாள் ட்ரைபொட்டைப் பலகைக்கு நேர் பக்கவாட்டில், பன்னிரண்டு அடி தள்ளி, கால்களை அகல விரித்துத் தரையோடு வைத்தேன். ஸ்லோ மோஷன், நொடிக்கு 240 படம். நாற்பது ஐம்பது எறிக்குப் பிறகு பலகைக்கு முன்னால் மண் குழிந்து சட்டி மாதிரி ஆகிவிடுகிறது. அவள் கால் அந்தக் குழிக்கு மேலால் போகிறது, அடியில் வெளிச்சம் தெரிகிறது, பிறகு குழியின் அடுத்த விளிம்பில் பெருவிரல் உரசுகிறது. அந்த உரசலைத்தான் நான் ஊன்றல் என்று நினைத்திருக்கிறேன். அந்த நேரம் முன்கால் இறங்கிவிட்டது, உடல் பாரம் முழுக்க அதில். உந்துவதற்கு அங்கே என்ன மிச்சம்?

வயிற்றைக் கலக்கியது அடுத்த வீடியோ. மண்ணில் அழகாகக் கோடு கீறுகிறாள் என்று நான் பாராட்டிய இன்னொருத்தி, முன்கால் இறங்குவதற்கு முதலே பின் குதிக்காலைப் பதித்து, முழங்காலை இரண்டாம் தரம் மடித்து உந்துகிறாள். கோட்டை நம்பி ஏமாந்திருக்கிறேன். பார்க்க வேண்டியது முழங்காலையும் பாரத்தையும். முதலாமவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்றாள், முகத்தில் பரவாயில்லை இல்லை.

இனிச் சாமானின் குணம். பிடி இறுக்கம், உறை போட்ட கைபேசியையும் விடாது. ஆனால் தலைப்பக்கத் திருகு அரை மணித்தியாலத்தில் இளகி, கைபேசி மெதுவாக வணக்கம் வைக்கும். கூட வந்த ரிமோட் மூன்றாம் கிழமை செத்தது. கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினால், "பெட்டி உடைச்சா மாத்தமாட்டம் டீச்சர்" என்றான் அங்கே நிற்கிற தம்பி. வாங்கும்போது "காத்துக்கு அசையாது" என்றதும் இதே தம்பிதான், கச்சான் காற்றுக்கு இரண்டு தரம் குப்புற விழுந்தது. கடல் மணலில் கால்கள் புதைகின்றன, அதற்கு மூன்று சிரட்டையைக் கவிழ்த்து அதன் மேல் வைக்கிறேன். ஐந்து மணிக்குப் பிறகு படம் இருண்டுவிடும், அது ட்ரைபொட்டின் குற்றம் இல்லை.

ஆட்டத்துக்கு இதைக் கொண்டுபோவதில்லை. பயிற்சிக்கு மட்டும், அதுவும் பிள்ளைகளையே பக்கத்தில் இருத்திப் பார்க்க. பின்னால் வைத்து எடுக்காதீர்கள், ஒன்றும் தெரியாது. முன்னால் வைத்தால், முன்னால் எடுத்து வைத்த கால் பலகையின் 24 அங்குலத்துக்குள் விழுகிறதா என்பது மட்டும் தெரியும்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அதே கடையில் ரிமோட் இல்லாதது 1,800 ரூபாவுக்கு இருக்கிறது, அதை எடுங்கள். சிரட்டை வீட்டிலேயே கிடக்கும்.