பி.எஸ்.ஏ கூடினால்: மறுபரிசோதனையா, ஃப்ரீ பி.எஸ்.ஏ விகிதமா?

பி.எஸ்.ஏ என்பது புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் ஒரு புரதம்; ரத்தத்தில் அது கூடினால் புராஸ்டேட் புற்றுநோயோ என்ற சந்தேகம் வரும். என் முதல் ரிப்போர்ட்டில் டோட்டல் (மொத்த) பி.எஸ்.ஏ 6.8. பக்கத்திலேயே ‘4 வரை’ என்று அச்சிட்டிருந்தது. ஆறு வாரம் கழித்து அதே டெஸ்டை மறுபடி எடுப்பதா, உடனே ஃப்ரீ பி.எஸ்.ஏ விகிதம் (மொத்தத்தில், வேறு புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் பங்கு) பார்ப்பதா என்ற கேள்வி வந்தது. மறுபரிசோதனை போதும் என்று முடிவெடுத்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பி.எஸ்.ஏ வருவதற்கு முன் புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பார்த்த பழைய ஆசிட் பாஸ்ஃபடேஸ் டெஸ்ட் இந்தப் போட்டியிலேயே இல்லை. ரத்தச் சிவப்பணு உடைந்தாலே அதன் அளவு ஏறிவிடும்.

ஃப்ரீ விகிதம் நல்ல கருவிதான். டோட்டல் 4-க்கும் 10-க்கும் நடுவே இருக்கும்போது, விகிதம் 25 சதவீதத்துக்கு மேல் என்றால் புற்றுநோய் வாய்ப்பு குறைவு; 10-க்குக் கீழே என்றால் அதிகம். ஆனால் ஃப்ரீ பி.எஸ்.ஏ சீக்கிரம் சிதையும். சில மணி நேரத்துக்குள் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீர்) பிரித்துக் குளிரில் வைக்காவிட்டால் விகிதம் பொய்யாகக் குறையும்.

நான் மறுபரிசோதனைப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றே: ரத்தம் எடுத்த நாளில் உடம்பு இருந்த நிலை. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் சிறுநீர் எரிச்சலுக்கு ஆன்டிபயாடிக் முடித்திருந்தேன். லேபில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பி.எஸ்.ஏ என்பது விந்துவை நீர்க்கச் செய்யும் நொதி. புராஸ்டேட்டில் அழற்சி வந்தால் அது ரத்தத்துக்குள் கசியும். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் இரண்டு மூன்று நாள்தான் என்றாலும், அழற்சி ஆறும்வரை கசிவு நிற்காது. ஆறு வாரம் பொறுக்கச் சொல்வது அதனால்தான். விந்து வெளியேறியிருந்தாலோ நெடுந்தூரம் சைக்கிள் மிதித்திருந்தாலோ 48 மணி நேரம் தள்ளிப்போட வேண்டும். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டரைடு மாத்திரையோ நேர்மாறு: மாதக்கணக்கில் சாப்பிட்டால் அளவு ஏறக்குறைய பாதியாகும். அதைச் சொல்லாவிட்டால் வரும் நிம்மதி பொய்.

இரண்டாம் முறை இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி, அதே லேபுக்குப் போனேன். லேப் பயன்படுத்தும் டெஸ்ட் கிட் மாறினால் எண்ணும் மாறும். 3.1 வந்தது.

எனக்கு எம்.ஆர்.ஐ, பயாப்சி அனுபவம் இல்லை. அவற்றோடு ஒப்பிட மாட்டேன். டாக்டர் ஆசனவாய் வழியாகச் செய்யும் விரல் பரிசோதனையில் கட்டி தட்டுப்பட்டவர்கள் என்னைப் பார்த்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே யூராலஜிஸ்டிடம் (சிறுநீர்ப்பாதை, புராஸ்டேட் நிபுணர்) போங்கள். என்னை ஆறு மாதத்தில் மறுபடி டெஸ்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார் என் டாக்டர். அதற்கு முந்தைய இரண்டு நாளும் சைக்கிளைத் தொட மாட்டேன்.