நாலு மணிக்கு மேல் குன்னூர், கையில் ஒரு நோக்டன் 40

எட்டு மாதமாக என் பெஸ்ஸா ஆர்3ஏ கேமராவில் (ஃபிலிம் போடும் ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோக்கஸ் செய்யும் ரகம்) ஒரே லென்ஸ்தான் மாட்டியிருக்கிறது. ஃபோக்ட்லேண்டர் நோக்டன் கிளாசிக் 40 மி.மீ., எஃப்/1.4, அதிலும் எஸ்.சி. எனப்படும் ஒற்றைக் கோட்டிங் வகை, அதாவது கண்ணாடியில் ஒளி எதிரொளிக்காமல் இருக்கப் பூசும் பூச்சு ஒரே அடுக்கு. இதுவரை 27 ரோல் ஓடியிருக்கிறது. பாதிக்கு மேல் மழையிலும் மூடுபனியிலும் பொழுது சாய்ந்த பிறகும் எடுத்தவை. "வாங்கலாமா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், தனித்தனியாக எழுத சோம்பலாக இருக்கிறது, அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே.

குன்னூரில் மதியம் மூன்றரை வரை வெயில் பளிச்சென்று இருக்கும், நாலு மணிக்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வரும், நாலரைக்கு எதிர்க்கடை போர்டு தெரியாது. ஐ.எஸ்.ஓ 400 ஃபிலிமைப் போட்டுக்கொண்டு எஃப்/2.8 லென்ஸோடு மார்க்கெட்டுக்குள் நின்றால் ஷட்டர் 1/15க்கு இறங்கிவிடும், குளிரில் கை வேறு நடுங்கும். எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் ஒளி கூடும், அதே இடத்தில் எஃப்/1.4 இருந்தால் 1/60 கிடைக்கும். எனக்கு வேகமான லென்ஸ் வேண்டியிருந்தது இதற்காகத்தான். பின்னணியைக் கரைக்க வேண்டும் என்ற ஆசையே கிடையாது, அந்த வேலையை எங்கள் ஊரில் மூடுபனி சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருக்கிறது.

இன்னொரு நிபந்தனை, ஜெர்கின் பாக்கெட்டுக்குள் கேமராவோடு சேர்ந்து நுழைய வேண்டும். மழை வந்தால் பையைத் திறந்து உள்ளே வைக்கவெல்லாம் நேரம் இருக்காது.

முதலில் மலிவாக முடிக்கப் பார்த்தேன். சோவியத் கால ஜூப்பிட்டர்-3, 50 மி.மீ., எஃப்/1.5. ஜெர்மன் ஸோனார் வடிவமைப்பை அப்படியே எடுத்துச் செய்தது, வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த ஆண்டைச் சொல்லும், பார்க்கவும் அழகு. இணையத்தில் ஒருவர் "கண்ணாடி சுத்தம், பூஞ்சை இல்லை" என்று எழுதி விற்றார். வந்ததும் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு ரோல் எடுத்தேன். ஒன்றரை மீட்டரில் கண்ணுக்கு ஃபோக்கஸ் செய்தால் காது மடல் கூர்மையாக வருகிறது. இது அந்த ஒரு லென்ஸின் நோய் அல்ல. சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களின் ஃபோக்கஸ் அளவு பழைய கான்டாக்ஸ் கணக்கை ஒட்டியது, லைக்கா அளவுக்குச் செய்த கேமராவில் மாட்டினால் கிட்டத்தில் தவறும். ஷிம் என்ற மெல்லிய வளையத்தை உள்ளே வைத்துச் சரி செய்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

கோத்தகிரி நண்பர் தன்னுடைய ஸைஸ் சி ஸோனார் 50 எஃப்/1.5ஐ இரண்டு வாரம் கொடுத்தார். முகங்களை அது எடுக்கும் விதத்துக்கு நான் அடிமை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 250 கிராம், 0.9 மீட்டருக்குக் கிட்டே போக முடியாது, டீக்கடை பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்தால் 50 மி.மீ. இறுக்கமாக இருக்கிறது. 1961இல் வந்த பழைய லைக்கா சம்மிலக்ஸ் 35இன் விலையைக் கேட்டதோடு சரி. ஃபோக்ட்லேண்டரிலேயே 35 எஃப்/1.4 இருக்கிறது, ஆனால் என் ஆர்3ஏ வ்யூஃபைண்டரில் 35க்குக் கோடு (படத்தின் எல்லையைக் காட்டும் சட்டம்) கிடையாது, 40, 50, 75, 90தான். போதாததற்கு அந்த 35இல் நேர்க்கோடுகள் வெளிப்பக்கம் உப்பும், அதன் முதல் பதிப்பு ஃபோக்கஸ் நகர்வதற்குப் பேர் போனது. ஆக 40க்கே வந்து நின்றேன். 2004இல் இந்த லென்ஸும் ஆர்3ஏவும் ஒரே ஆண்டில் ஜப்பானின் கொசினாவிலிருந்து வந்தவை, ஜோடிப் பொருத்தம் பார்த்தே செய்திருப்பார்கள் போல. பழையதாக 32,000 ரூபாய் கொடுத்தேன்.

கையில் எடுத்தால் முதலில் தெரிவது கனமின்மை. 175 கிராம், கால் கிலோ கேரட்டைவிடக் குறைவு. ஆனால் உலோகம், பிளாஸ்டிக் அல்ல. ஃபில்டர் அளவு 43 மி.மீ., கிட்டத்து எல்லை 0.7 மீட்டர், ஒளி நுழையும் துவாரத்தைச் சுருக்கி விரிக்கும் அபெர்ச்சருக்குப் பத்து இதழ், அரை ஸ்டாப்புக்கு (ஒளியளவின் அரைப் படிக்கு) ஒரு க்ளிக். கையுறை போட்டாலும் அந்த க்ளிக்கை எண்ணிக்கொண்டே திருப்பலாம். பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்க முன்னால் மாட்டும் ஹூடு மட்டும் பெட்டிக்குள் வராது, தனியாக வாங்க வேண்டும். ஒற்றைக் கோட்டிங் லென்ஸை ஹூடு இல்லாமல் விற்பது, குடை இல்லாமல் கூடலூருக்கு ஜூலையில் அனுப்புவதைப் போல. அதைத் தேடிப் பிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது, இந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

லைக்கா எம்6 மாதிரி கேமரா வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் 40க்குக் கோடு கிடையாது, இந்த லென்ஸை மாட்டினால் 50இன் கோடு எழும்பும், ஃபிலிமில் அதைவிடக் கூடுதலாகவே விழும். சிலர் லென்ஸின் பின் விளிம்பை அரம் போட்டு 35 கோடு வரும்படி செய்துகொள்கிறார்கள். ஆர்3ஏவில் கோட்டை நாமே தேர்ந்தெடுப்பதால் அந்த வம்பு இல்லை. காட்சியும் அசல் அளவிலேயே தெரியும், இரண்டு கண்ணையும் திறந்து வைத்தே படம் எடுக்கலாம். மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு 40இன் நான்கு ஓரமும் ஒருசேரத் தெரியாது. எனக்கும் தெரியாது, குத்துமதிப்புத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். லென்ஸ் செய்யும் சேட்டை எதுவும் எடுக்கும்போது தெரியாது, கழுவிய பிறகுதான் தெரியும். அபெர்ச்சரை மூட மூட ஃபோக்கஸ் தளம் பின்னுக்கு நகர்கிற பழக்கம் இந்த மாதிரி லென்ஸ்களுக்கு உண்டு. திறந்திருக்கும்போது கண்ணாடியின் ஓரத்தில் நுழையும் ஒளியும் நடுவில் நுழையும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாமல் ஒரு சமரசத்தில் நிற்கும். ஓரத்தை அடைத்தால் அந்தச் சமரசம் கலைந்துவிடும், அவ்வளவுதான்.

இதை அளக்க ஸ்கேல் எல்லாம் வேண்டாம் என்று, பேக்கரியிலிருந்து பதினோரு வர்க்கி வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் ஒன்றை ஒன்று தொடும்படி சாய்வாக வரிசை வைத்தேன். ஒரு மீட்டர் தூரத்தில் ஸ்டாண்டு. ஆறாவது வர்க்கியின் விளிம்புக்கு ஃபோக்கஸ். 1.4இல் ஆறாவது வர்க்கி சரியாக வந்தது, பொரபொரப்பான அதன் மேல் அடுக்கைச் சுற்றி லேசான ஒளிப்புகை. 2இல் புகை குறைந்து இடம் மாறாமல் இருந்தது. 2.8இல் கூர்மை அரை வர்க்கி பின்னால் போய்விட்டது, ஆறாவதன் முன் விளிம்பு சொதசொதவென்று இருந்தது. 4இலும் அதே கதை, ஆனால் ஆழம் கூடுவதால் மறைந்துவிடுகிறது. 5.6க்கு மேல் கவலையே இல்லை. ஆகவே கிட்டத்தில் முகம் எடுத்தால் நான் 1.4 அல்லது 2. வேறு வழியில்லாமல் 2.8 என்றால் ஃபோக்கஸ் செய்துவிட்டு உடம்பை இரண்டு விரற்கடை பின்னால் சாய்த்துக்கொள்கிறேன். நீங்கள் வாங்கினாலும் முதல் ரோலை இதற்குச் செலவழித்துவிடுங்கள், வர்க்கி வீணாகாது.

பின்னணி விஷயத்தில் இது சாதுவான லென்ஸ் அல்ல. லாங்வுட் சோலைக்குள் வெயில் நாளில் எடுத்தால் இலை இடுக்கு வழியாகத் தெரியும் வானத் துண்டுகள் ஒவ்வொன்றும் விளிம்பு கட்டிய வட்டமாகி, கிளைகள் இரட்டைக் கோடாகி, பார்க்கவே தலை சுற்றுகிறது. சிலருக்கு இதுதான் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. அதே சோலையில் மூடுபனி இறங்கிவிட்டால் பின்னணியே இருக்காது, 1/30இல் பாசி படிந்த ஒரு மரம் மட்டும் தனியாக நிற்கும். அந்தப் படங்கள் இரண்டைப் பெரிதாக அச்சிட்டு மாட்டியிருக்கிறேன்.

இப்போது ஒற்றைக் கோட்டிங். வாங்கும்போது எல்லாரும் சொன்னது, "மலை, மூடுபனி, கறுப்பு வெள்ளை என்றால் எஸ்.சி. தான், அதில்தான் குணம் இருக்கிறது". நானும் நம்பினேன். ஒரு காலை குன்னூர் ஸ்டேஷனில், மேட்டுப்பாளையத்திலிருந்து ரயிலைத் தள்ளிக்கொண்டு வந்த எக்ஸ் ரக நீராவி எஞ்சினைக் கழற்றும் நேரம், வெயில் எதிரே. நீராவிக்குள் ஒளி புகுந்து, நிழல்கள் எல்லாம் லேசாக வெளுத்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருந்தவரின் சட்டை மடிப்புகூடத் தெரிகிற மாதிரி ஒரு நெகட்டிவ் வந்தது. பல கோட்டிங் லென்ஸாக இருந்தால் அந்த நிழல் தார் மாதிரி அடைத்திருக்கும். அன்றைக்கு எஸ்.சி. பக்கம் நியாயம் இருந்தது.

ஆனால் மூடுபனி நாட்களில் எடுத்த ரோல்கள் எல்லாம் கேப்பங்களி. வெளியே ஏற்கெனவே கறுப்புக்கும் வெளுப்புக்கும் மாறுபாடு இல்லை, லென்ஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் குறைக்கிறது. எங்கள் பெரியப்பா ஊட்டி ஹெச்.பி.எஃப்.இல் வேலை பார்த்தவர், 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த அதே இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' ஃபிலிம் வந்த இடம். கம்பெனி போய்விட்டது, இந்து நகர் என்ற பேர் மட்டும் இருக்கிறது. ஃபிலிமுக்குப் பூச்சு பூசுகிற இருட்டறையில் வருஷக்கணக்காக இருந்தவர். நெகட்டிவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "லென்ஸைத் திட்டாதே கண்ணு, மெலிஞ்சு கிடக்கு பாரு. எத்தனை நிமிஷம் கழுவினே?" என்றார். "ஏழரை, பெரியப்பா, டப்பாவில் போட்டபடி." "அது வெயில் ஊருக்கு. இந்தப் பனிக்கு ஒன்பது விடு." ஹெச்.பி.5 ஃபிலிமை டி-76 என்ற டெவலப்பரில் 20 டிகிரியில் ஒன்பது நிமிடம் விட்டேன். டிசம்பரில் எங்கள் குழாய்த் தண்ணீரை 20க்குக் கொண்டுவரவே கெட்டில் தண்ணீர் கலக்க வேண்டும், அது தனிக்கூத்து. நெகட்டிவ் எழுந்து உட்கார்ந்தது. ஆனாலும் லென்ஸ் குறைத்ததைக் கழுவும்போது கூட்டுவது எனக்குச் சுற்றி வளைத்த வேலையாகத்தான் படுகிறது. நேர் வெயிலை எதிரே வைத்து எடுப்பவர்களுக்கு எஸ்.சி. சரி. மூடுபனிக்குப் பல கோட்டிங் போட்ட எம்.சி. தான். இன்று மறுபடி வாங்கினால் கண்ணை மூடிக்கொண்டு எம்.சி. வாங்குவேன். கலர் ஃபிலிம் போடுபவர்களும் அதையே வாங்குங்கள்.

அதற்காக இந்த லென்ஸை வெறுத்துவிட்டேன் என்று இல்லை. மார்க்கெட் டீக்கடையில் ஒரு சாயங்காலம், மின்சாரம் போய், பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு எமர்ஜென்சி லைட் மட்டும். "அண்ணே, அப்படியே ஒரு நிமிஷம்" என்றதும் மாஸ்டர் வடிகட்டியைத் தூக்கியபடி நின்றார். 0.7 மீட்டர், 1.4, 1/30. டீ இழையும் வலது கண்ணும் மட்டும் கூர்மை, விளக்கைச் சுற்றி மெல்லிய ஒரு வளையம், மற்றதெல்லாம் இருட்டுக்குள் போய்விட்டது. பிரிண்டைக் கொடுத்தபோது, "தம்பி, நம்ம கடை இவ்வளவு பெரிசா?" என்று கேட்டார். கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார்.

பராமரிப்பு பற்றி ஒன்று, மலையில் இருப்பவர்களுக்கு. லென்ஸைத் தோல் பையில் போட்டு பீரோவில் வைக்காதீர்கள். தோல் ஈரம் பிடிக்கும், ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை வந்துவிடும். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, எங்கள் குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் மழை. நான் ரப்பர் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன், ஜெல்லை மாதம் ஒருமுறை வாணலியில் லேசாகச் சூடு காட்டி எடுக்கிறேன். அப்புறம் ஆர்3ஏவுக்கு பேட்டரி இல்லாமல் ஷட்டர் ஓடாது. உறைபனிக் காலையில் சாதா எல்.ஆர்.44 சோர்ந்துபோகும், சில்வர் ஆக்ஸைடு எஸ்.ஆர்.44 போடுங்கள்.

மதுரையில் ஒரு நண்பர் இதே லென்ஸின் எம்.சி. வகையை வைத்துக்கொண்டு, வைகைக் கரை வெயிலில் நிழல் எல்லாம் தார் மாதிரி விழுகிறது என்று புலம்பிக்கொண்டிருக்கிறார். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "ஹூடையும் சேர்த்துத் தருவதாக இருந்தால் பார்க்கலாம்" என்கிறார். ஹூடைத் தர மாட்டேன்.