132 பவுண்ட் சாக்கடையில் போனது: தேதி இல்லாத ஈஸ்ட் பாக்கெட்டை வாங்காதீர்கள்

நேற்று ராத்திரி, வீட்டில் பீருக்காகக் காய்ச்சியதை, இரண்டு வாளி, மொத்தம் 46 லிட்டர், சாக்கடையில் கொட்டினேன். மால்ட் (முளைகட்டிய தானியம்), ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ), ஈஸ்ட், கூரியர் எல்லாம் சேர்த்து 132 பவுண்ட். கோபம் இன்னும் ஆறவில்லை. லாகருக்கு (குளிரில் புளிக்கவைக்கும் பீர்) எவ்வளவு ஈஸ்ட் போட வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

இங்கே இங்கிலாந்தில் 1963 முதல் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை, விற்காமல் இருந்தால் போதும். நானும் சில வருடமாகக் காய்ச்சுகிறேன். ஆனால் லாகர் இதுதான் முதல் முறை. மச்சானின் நாற்பதாவது பிறந்தநாளுக்காக ஆரம்பித்தேன்.

பீர் காய்ச்சும் சாமான் விற்கும் ஓர் ஆன்லைன் கடை. வாளிக்கு இரண்டு வீதம் நான்கு பாக்கெட் ஈஸ்ட் எடுத்து வைத்துவிட்டு, சரிதானா என்று சாட்டில் கேட்டேன். "நான்கு எதற்கு? வாளிக்கு ஒன்று தாராளம். பதினைந்து வருடமாகக் காய்ச்சுகிறேன், வீண் செலவு செய்யாதீர்கள்" என்றார் அந்த ஆள். தன் வியாபாரத்தைக் குறைத்துக்கொண்டு நமக்குக் காசு மிச்சம் பிடித்துத் தருகிறாரே என்று அப்படியே நம்பினேன். அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது.

வந்தது வெறும் வெள்ளிநிறப் பை. தயாரித்தவர் பெயர் இல்லை, தேதி இல்லை. கடைப் படத்தில் இருந்ததோ 11.5 கிராம் சீல் பாக்கெட். தராசில் வைத்தேன், 6 கிராம். கேட்டதற்கு, "பெரிய பாக்கெட்டிலிருந்து பிரித்துப் போடுகிறோம், இது வீரியமான ரகம்" என்று பதில். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வோர்ட் (ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய இனிப்பான மால்ட் சாறு) ஆறிக்கொண்டிருந்தது, போட்டுவிட்டேன்.

12 டிகிரியில் ஐந்து நாள். ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி காட்டும் கருவி, சர்க்கரை புளித்தால் எண் இறங்கும்) முதல் நாள் காட்டிய 1.058-லேயே நின்றது. ஏர்லாக்கில் (வாயு வெளியேற மூடியில் செருகும் குழாய்) ஒரு குமிழி இல்லை. எட்டாம் நாள் மூடியைத் திறந்தால் அழுகிய முட்டைக்கோஸ் வாடை. ஈஸ்ட் வேலையைத் தொடங்காவிட்டால் இனிப்பான வோர்ட்டில் பாக்டீரியாதான் குடியேறும்.

அப்புறம் நடந்த அலைக்கழிப்பு! முதலில் "72 மணி நேரம் பொறுங்கள்". பிறகு "18 டிகிரிக்கு ஏற்றிப் பாருங்கள்". அடுத்து, "வாளியைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டீர்கள்". இது வேறொருவர். கடைசியில் "ஈஸ்ட் உயிருள்ள பொருள், உத்தரவாதம் கிடையாது, பிரித்த பொருளுக்குப் பணம் இல்லை". சொன்னபடி இல்லாத பொருளுக்கு 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று எழுதினேன். அதோடு பதிலே நின்றுவிட்டது. இன்று பார்த்தால் அந்தப் படத்தையும் மாற்றியிருக்கிறார்கள். 132 பவுண்ட்!

சரி, அளவு. உலர் ஈஸ்ட் என்றால் 100 லிட்டர் லாகருக்கு 80 முதல் 120 கிராம். 23 லிட்டர் வாளிக்கு 18 முதல் 28 கிராம், அதாவது குறைந்தது இரண்டு 11.5 கிராம் பாக்கெட். குளிரில் ஈஸ்ட் மெதுவாகத்தான் பெருகும், அதனால்தான் இவ்வளவு. ஏலுக்கு (லாகரைவிடச் சூட்டில் புளிக்கும் பீர்), தொடக்க அடர்த்தி 1.060-க்குக் கீழே என்றால், ஒன்று போதும். தேதி இல்லாத பையைத் தொடவே தொடாதீர்கள். பிரித்துக் கட்டியது வேண்டவே வேண்டாம். வாங்கும்போதே கடைப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நான் எடுக்கவில்லை. மீதியை இன்னொரு நாள் எழுதுகிறேன், பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கிக்குப் புகார் அனுப்ப வேண்டும்.